குற்றாலம் டு சிவகாசி: ஈரத்துண்டோடு ஒரு ரயில் சவாரி!

குற்றாலத்தில் ‘மூன்றாவது நாள்’ என்று ஒன்று இருக்கிறது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முதல் நாள் லாட்ஜில் பையைப் போட்ட கையோடு அருவிக்கு ஓட்டம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, நடுராத்திரி லைட் வெளிச்சத்தில் ஒன்று என்று மூன்று குளியல். இரண்டாவது நாள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, மசாஜ்காரர் முதுகில் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று ஒரு ரவுண்டு. ராத்திரி பார்டர் பரோட்டா, நாட்டுக்கோழி. மூன்றாவது நாள் விடிகிறது. துண்டு காயவில்லை. பனியன் காயவில்லை. தொண்டை கரகர. வயிற்றுக்குள் பரோட்டாவும் கோழியும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கின்றன. சரி, இன்னொரு குளியல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேரருவிக்குப் போனால், ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது. போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். குளிக்கத் தடை!

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஜமா லாட்ஜுக்குத் திரும்பிப் போய் சீட்டுக் கட்டைப் பிரிக்கும். காசு கொடுத்து ரூம் போட்டு, ஆபீஸில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு வாங்கி, நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்து ரம்மி ஆடுவானேன்?

சுவிட்சர்லாந்தில் கிரிண்டெல்வால்ட் மாதிரி பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போகிறவர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். கால் கெஞ்சுகிற நாளில் சறுக்குக் கட்டைகளை ஓட்டல் சுவரில் சாத்தி வைத்துவிட்டு ரயில் ஏறுவார்கள். பெர்ன் நகரத்தில் கடைவீதி, பழைய மணிக்கூண்டு எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். நம்மிடம் பனி இல்லை. சாரல் இருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டரில் தென்காசி ஜங்ஷன் இருக்கிறது. அங்கிருந்து விருதுநகருக்கு நூற்றிச் சொச்சம் கிலோமீட்டரில் ஒரு ரயில் பாதை இருக்கிறது. காலை பாசஞ்சரில் போய், மாலை பாசஞ்சரில் வந்துவிடலாம். ஆகிற செலவு, பார்டர் பரோட்டா பில்லில் ஒரு மூலைக்குக் காணாது.

போன ஆடி பிறந்த வாரத்து சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். ஒருவன் பேங்க். இன்னொருவன் ஆடிட்டர் ஆபீஸ். மூன்றாமவன் அடியேன், பி.காம். மூன்று பேர் கையிலும் காயாத துண்டு.

ஒரு டிப்ஸ். தென்காசியில் ஏறும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மலை அந்தப் பக்கம்தான். மேகத்தைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு ரொம்ப தூரத்துக்குக் கூடவே வரும். 1927-ல் போட்ட பாதை இது. எழுபது வருஷத்துக்கும் மேலாக மீட்டர் கேஜில் ‘வந்தாலும் வருவேன்’ என்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்த ரயில், 2004 வாக்கில் அகலப்பாதைக்கு மாறியது. இப்போது கரன்ட் கம்பியே வந்துவிட்டது. பழைய ஆட்கள், ஓடுகிற ரயிலிலிருந்து இறங்கி நடந்து கூடவே வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஜோக் இனிமேல் செல்லாது.

துண்டுக்கு வருவோம். ஆடிட்டர் ஆபீஸ்காரன் அதை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். நாகரிகமில்லை என்று பேங்க் முகம் சுளித்தான். ஆனால் பாருங்கள், அந்தத் துண்டுதான் எங்களுக்கு அன்றைக்கு பூகோள வாத்தியார். தென்காசியில் சொட்டச் சொட்ட ஈரம். கடையநல்லூரில் சாரல் நின்று, துண்டு சும்மா ஜில்லென்று இருந்தது. பாம்புக்கோயில் சந்தை என்று ஒரு ஸ்டேஷன் வருகிறது. (பெயரைப் படித்ததும் பேங்க் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டான்.) அங்கே தொட்டுப் பார்த்தால் லேசான ஈரம். சங்கரன்கோவிலில் காய்ந்துவிட்டது. ராஜபாளையம் வரும்போது அப்பளம் மாதிரி மொறமொறப்பு!

சமாச்சாரம் இவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளாப் பக்கம் மலையில் முட்டி, மூட்டையை எல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. செங்கோட்டைக்கு மேலே ஆரியங்காவுப் பக்கம் மலையில் ஓர் இடைவெளி. அதன் வழியாக நழுவி வருகிற கொஞ்சம் காற்றும் கொஞ்சம் மழையும்தான் நம்முடைய குற்றால சீசன். அந்த வாசலை விட்டு வடகிழக்கே தள்ளிப் போகப் போக வானம் கையை விரித்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு, பால்கோவாவுக்கு ஒரு பெருமூச்சு (‘வரும்போது வாங்கலாம்டா, ஊசிப் போயிடும்’). அதற்கப்புறம் பாதை கிழக்கே திரும்புகிறது. மலை பின்வாங்குகிறது. இரண்டு பக்கமும் கரிசல், கருவேலம், வெயில். அதே ஆடி மாசம், அதே காலை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீர் ஜாஸ்தி என்று விசில் ஊதித் துரத்தினார்கள் என்று இங்கே இறங்கிச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

தென்காசிக்கும் சிவகாசிக்கும் வேறொரு பழைய சம்பந்தமும் உண்டு. தலபுராணக் கதை. பராக்கிரம பாண்டிய மன்னன் காசியிலிருந்து ஒரு சிவலிங்கத்தைத் தென்காசியில் பிரதிஷ்டை செய்வதற்காகப் பசுவின் மேல் ஏற்றிக்கொண்டு வருகிறான். வழியில் ஓர் இடத்தில் பசு படுத்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. சரி, ஈசனுக்கு இங்கேதான் இஷ்டம் போலிருக்கிறது என்று லிங்கத்தை அங்கேயே ஸ்தாபித்துவிடுகிறான். அந்த ஊர்தான் சிவகாசி. இந்த ரூட்டில் தென்காசிக்கு என்று கிளம்பிய லக்கேஜ் சிவகாசியிலேயே நின்றுபோன முதல் கேஸ் இதுதான். சாயங்காலம் இரண்டாவது கேஸும் நடந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

சிவகாசியில் இறங்காமல் நேரே விருதுநகர் போய்விட்டோம். கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வருவது வசதி என்பது ஆடிட்டர் ஆபீஸின் பிளான். டிக்கெட்டுக்குப் பைசா வசூல் என்பான்.

விருதுநகர் ரயிலுக்குப் பழைய ஊர். மதுரை - தூத்துக்குடி லைன் 1876-லேயே வந்துவிட்டது. அப்போது ஊருக்குப் பெயர் விருதுப்பட்டி. 1923-ல்தான் விருதுநகர் ஆனது. மற்ற ஊர்களில் நகர் என்றால் பிளாட் போட்டு விற்கிற இடம். இங்கே ஒரு பட்டி, வியாபாரம் செய்தே நகரானது. பேப்பரில் வியாபாரப் பக்கத்தில் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்று உளுந்து, துவரை, வத்தல், மல்லி, நல்லெண்ணெய் விலை வரும், பார்த்திருப்பீர்கள். பி.காம். முதல் வருஷத்தில் ‘விலை எப்படி நிர்ணயமாகிறது’ என்று முப்பது பக்கம் படித்தேன். ஒன்றும் புரியவில்லை. பஜாரில் கால் மணி நேரம் நின்றதில் புரிந்துவிட்டது. நாலாபக்கத்திலிருந்தும் மூட்டை வந்து இறங்குகிறது. ஒருவர் ஒரு கை வத்தலை அள்ளுகிறார், உடைக்கிறார், மோந்து பார்க்கிறார், ஒரு நம்பர் சொல்கிறார். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற நாங்கள் மூவரும் கோரஸாகத் தும்மினோம்.

சுலோசனா நாடார் தெருவில் காமராஜர் வீடு. நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். ஜூலை 15 பிறந்த நாள் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, மாலை வாடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷத்துக்கும் மேல் முதலமைச்சராக இருந்தவருடைய வீடு என்று சொன்னால் பேங்க் நம்ப மறுத்தான். ‘ஹவுசிங் லோனுக்கு இதை செக்யூரிட்டியா காட்டினா எங்க மேனேஜர் யோசிப்பார்டா’ என்றான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். உள்ளே போட்டோக்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கப்சிப்.

அவர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா இதே ஊரில்தான். பள்ளிக்கூடம் நடத்த ஊரார் கண்டுபிடித்த வழி பிடி அரிசி. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது. அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிக்கூடச் செலவு. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று, மாமாவின் ஜவுளிக்கடையில் நின்ற பையன், பின்னால் முதலமைச்சராகி 1956-ல் ராஜ்யம் முழுக்கப் பிள்ளைகளுக்கு மதியம் சோறு போட்டார். அதே 1956-ல், ஜூலை 27-ம் தேதி, இதே ஊரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அக்டோபர் 13-ல் உயிர் போயிற்று. பெயர் 1969-ல் வந்தது. இன்னொன்றும் இருக்கிறது. 1967 தேர்தலில் இதே விருதுநகர் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தது. ஒரு ஊர் ஒரே மனிதரைப் பெற்று, வளர்த்து, தோற்கடித்து, பிறகு மாவட்டத்துக்கே அவர் பெயரை வைத்து (1985-ல் பிரித்தபோது காமராஜர் மாவட்டம்தான்), மறுபடி அந்தப் பெயரை எடுத்தும்விட்டது. கணக்கு நேராக வராது.

எண்ணெயில் பொரித்த பரோட்டா இந்த ஊர் ஸ்பெஷல். முந்தின ராத்திரி பரோட்டாவோடு இன்னும் சமாதானம் ஆகாத எங்களுக்கு அதைப் பார்த்து நெஞ்சு படபடத்தது. ஆளுக்கு ஒன்று என்று சொல்லி, ஆளுக்கு நாலு ஆயிற்று.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ். திருத்தங்கல் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவர் காலண்டர் ஏஜெண்ட். கையில் பெரிய ரெக்சின் பை.

‘‘குத்தாலத்துல இருந்தா வர்றீங்க? குளிச்சவங்க மாதிரித் தெரியலையே?’’ என்றார்.

‘‘தடை அண்ணாச்சி.’’

‘‘அதான பார்த்தேன். இங்க ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போடுவாங்க தம்பி. அடுத்த வருசத்துக்கு என்னென்ன படம், என்னென்ன சைஸுன்னு அன்னைக்குப் பிரிப்பாங்க. நமக்கு அன்னைக்குத்தான் புது வருசம்.’’

அவர் சொன்னது நிஜம்தான். சிவகாசியில் இறங்கி நடந்தால் சந்துக்குச் சந்து பிரஸ் ஓடுகிற சத்தம். மை வாசனை. வாசலில் வெட்டி எறிந்த பேப்பர் நாடா. ஒரு பிரஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அடுத்த வருஷ டிசம்பர் தாள் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு அடுத்த திங்கட்கிழமையே என்ன ஆகும் என்று தெரியவில்லை. இங்கே பதினேழு மாசத்துக்கு அப்புறம் வரும் பௌர்ணமியை அடுக்கிக் கட்டி மூலையில் வைத்துவிட்டார்கள்!

இந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்பது வணிகவியல் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய கதை. இல்லை. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் ரயிலேறிக் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்கள். விவசாயத்துக்கு மழை இல்லாத ஊர்; தீக்குச்சி காய அதைவிட நல்ல ஊர் ஏது? தீப்பெட்டி வந்தது. தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு பிரஸ் வந்தது. பிரஸ்ஸை வருஷம் பூரா ஓட்ட வேலை வேண்டுமே? காலண்டர், கல்யாணப் பத்திரிகை, சினிமா போஸ்டர், நோட்டுப் புத்தகம் எல்லாம் வந்தன. லாட்டரிச் சீட்டும் அடித்தார்கள், 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்கிற வரைக்கும். இன்னொரு பக்கம், குச்சி நுனிக்கு மருந்து கலக்கப் பழகிய கை மத்தாப்புக்கும் வெடிக்கும் மருந்து கலக்கப் பழகிற்று. வானம் கொடுக்காததையெல்லாம் வரவில் எழுதிக்கொண்ட ஊர். நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னதாக ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தீப்பெட்டி விலை எப்போது ஏறியது, யோசித்துப் பாருங்கள். 2007-ல் ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாய். அப்புறம் பதினாலு வருஷம் அசையவே இல்லை. 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. இந்தப் பதினாலு வருஷத்தில் டீ விலை எங்கே போயிற்று, உங்கள் வீட்டு வாடகை எங்கே போயிற்று?

பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே. ‘சும்மா உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்’ என்று கிளம்பாதீர்கள். விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆட்டோவில் ரோட்டோரமாகப் போய்ப் பார்த்ததோடு சரி. ஒன்றோடொன்று ஒட்டாமல் சின்னச் சின்ன அறைகள், நடுவில் வேப்பமரங்கள், வெறும் இடம். காலி மனையைப் பார்த்தால் பேங்க்குக்குக் கை பரபரக்கும். ‘இவ்வளவு இடத்தை வேஸ்ட் பண்றாங்களே’ என்றான்.

‘‘வேஸ்ட் இல்ல சார், அதான் உசுரு’’ என்றார் ஆட்டோக்காரர். ‘‘ஒரு ரூம்ல புடிச்சா அடுத்த ரூமுக்குப் போவக்கூடாதுல்ல? மருந்து கலக்குறவன்லாம் விடியக்காலையிலயே வந்துருவான். வெயில் ஏறுனா மருந்து பேசும்.’’

மருந்து பேசும். அந்த வார்த்தை அப்புறம் ரொம்ப நேரம் காதிலேயே இருந்தது. இரும்புச் சாமான் உரசினால் பொறி வரும் என்று உள்ளே எடுத்துப்போக விடுவதில்லை. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. லைசென்ஸ் கொடுக்கிற மத்திய அரசு இலாகாவுக்கு நாக்பூரில் தலைமையகம். விதிமுறை எல்லாம் புத்தகத்தில் பக்காவாக இருக்கிறது. ஆனால் அவசர ஆர்டர் வந்தால் நாலு பேர் அறையில் எட்டு பேர் உட்காருகிறார்கள், வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்து திரி செருகுகிறார்கள். அப்படித்தான் செய்தி வருகிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தது. 35-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் புகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவர்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சிவகாசி என்றால் இன்னொரு செய்தி வரும். என் வயசுப் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டுகிற போட்டோ. 1996 டிசம்பர் 10-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று. அதற்கப்புறம் 2018 அக்டோபர் 23-ல் இன்னொரு தீர்ப்பு: பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான். மத்தாப்பில் பச்சை நிறம் கொடுத்ததே பேரியம்தான். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குச் செம்பு. பச்சைக்குத் தடை, ஆனால் பெயர் பசுமைப் பட்டாசு! டில்லியில் காற்று கெட்டால் கரிசல் காட்டில் அடுப்பு எரிவதில்லை என்று ஆட்டோக்காரர் சொன்னார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மூச்சு விடுகிறவன் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதை அந்த ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைகள் ரோட்டோரம் வரிசையாக இருக்கின்றன. எல்லாக் கடையிலும் ‘90 சதவீதம் தள்ளுபடி’ போர்டு. ஆடிட்டர் ஆபீஸ் கால்குலேட்டரே எடுக்காமல் சொன்னான்: ‘‘நூறு ரூபாய் சாமானுக்கு ஆயிரம்னு லேபிள் அடிச்சு, தொண்ணூறு பர்சென்ட் தள்ளுனா திரும்ப நூறு. லேபிள் அடிக்கத்தான் ஊரு பூரா பிரஸ் இருக்கே!’’

இனிமேல்தான் அந்த இரண்டாவது லக்கேஜ் கேஸ்.

பேங்க்குக்கு இரண்டு பெண் குழந்தைகள். ‘சிவகாசி வரைக்கும் போய்ட்டு வெறுங்கையோட வந்தியான்னு கேட்பாளுங்கடா’ என்று கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச் சக்கரம் என்று ஒரு பெட்டி நிறைய எடுத்து வைத்துவிட்டான். கடைக்காரர் வயசானவர். பில் புத்தகத்தைப் பிரித்தபடி கேட்டார்.

‘‘கார் எங்க நிக்குது தம்பி?’’

‘‘காரா? நாங்க சாயங்கால ரயில்லதான் போறோம்.’’

அவர் பில் புத்தகத்தை மூடிவிட்டார். ‘‘அப்பக் கிடையாது.’’

பேங்க்குக்குக் கோபம். காசு கொடுக்கிறவனுக்கு சரக்கு இல்லை என்று சொல்லும் கடையை அவன் பார்த்ததில்லை. ‘‘துண்டுல சுத்தி பைக்கு அடியில வெச்சுக்கறேன் அண்ணாச்சி. யாருக்குத் தெரியப் போகுது?’’

‘‘துண்டுக்குத் தெரியாது, போலீஸுக்கும் தெரியாது. மருந்துக்குத் தெரியும்ல?’’ என்றார் அவர். ‘‘உங்க ஊர்லயே லைசென்ஸ் கடை போடுவாங்க. தீவாளிக்கு அங்க வாங்கிப் பிள்ளைகளுக்குக் குடுங்க.’’

பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்றான் பேங்க். நானும் ஆடிட்டர் ஆபீஸும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டோம். 1989 ரயில்வே சட்டத்தில் 164-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆபத்தான சரக்கை ரயிலில் கொண்டு போனால் மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நஷ்டம் ஏதாவது ஆனால் அதுவும் உங்கள் தலையில். ‘ஆயிரம்தானே’ என்று அவன் முணுமுணுத்ததைக் கேட்டதும் ஆடிட்டர் ஆபீஸ் மதுரையை ஞாபகப்படுத்தினான். 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டி மதுரை ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் உள்ளே கொண்டுவந்த காஸ் அடுப்பில் டீ போடுகிறார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். அவர்களும் யாருக்குத் தெரியப் போகிறது என்றுதான் சிலிண்டரை ஏற்றியிருப்பார்கள்.

பேங்க் வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷன் வரும் வழியில் ஒரு பிரஸ் கடையில், பூனைக்குட்டி படம் போட்ட இரண்டு நோட்டுப் புத்தகம் வாங்கினான். பில் இல்லாமல் அவன் வாங்கிய முதல் பொருள் அது. மத்தாப்புப் பெட்டி, அந்த லிங்கம் மாதிரியே, சிவகாசியில் தங்கிவிட்டது.

பட்டாசு ஊருக்கு ரயிலில் போகலாம். பட்டாசோடு ரயிலில் திரும்ப முடியாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் வாக்குவாதமும் கைகலப்பும் மிச்சம். பிள்ளைகளுக்கு என்ன வாங்குவது என்று கவலை வேண்டாம். நோட்டு, டைரி, ஸ்டிக்கர், காலண்டர் என்று ஊரே காகிதக் கடல். ரயில்வேக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

சாயங்கால ரயிலில் நல்ல கூட்டம். சனிக்கிழமை சம்பள நாள். எங்கள் எதிர் சீட்டில் ஒரு குடும்பம் ஏறியது. புருஷன், பெண்டாட்டி, ஏழெட்டு வயசில் ஒரு பையன், தூக்குவாளி, ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து துண்டு எட்டிப் பார்த்தது. அந்த அம்மாவின் விரல் நகத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பு. மருதாணி இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியத் தூள். எத்தனை தேய்த்தாலும் ஒரு நாளில் போகாது என்று அவரே சொன்னார்.

‘‘குத்தாலத்துக்கா அக்கா?’’ என்றான் பேங்க்.

‘‘ஆமா தம்பி. நாளைக்கு லீவு. ராத்திரி சொந்தக்காரங்க வீடு தென்காசில இருக்கு. காலைல குளிச்சிட்டு மத்தியானம் வந்துருவோம். இவன் ரெண்டு வருசமாக் கேட்டுட்டே இருக்கான்.’’

‘‘சீசன் நல்லா இருக்குக்கா. செம சாரல்.’’

‘‘அங்க இருக்கட்டும்’’ என்று சிரித்தார். ‘‘இங்க வந்துராம இருந்தாச் சரி. மழை பேஞ்சா எங்களுக்கு வேலை கிடையாதுல்ல. ஒட்டினது காயணும், உருட்டினது காயணும். உங்க ஆபீஸ்ல மழை பேஞ்சா லீவு விட்டா சம்பளம் உண்டுல்ல? எங்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. ரெண்டு நாள் மழை பேஞ்சா ரெண்டு நாள் அடுப்பு யோசிக்கும்.’’

பையன் ஜன்னலோர சீட்டை ஆடிட்டர் ஆபீஸிடமிருந்து சாமர்த்தியமாகக் கைப்பற்றிவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மலை மறுபடி பக்கத்தில் வந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த மேகத்தைக் காட்டி, அதற்குள்ளிருந்துதான் அருவி வருமா என்று அப்பாவைக் கேட்டான். ஆமாம் என்றார். பயமாக இருக்குமா என்றான். இல்லை என்றார். தீபாவளி வெடி மாதிரி சத்தம் வருமா என்றான். அதற்கு அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

சங்கரன்கோவில் தாண்டி இருட்டிவிட்டது. கடையநல்லூர் பக்கம் ஜன்னல் வழியாக முதல் தூறல் முகத்தில் விழுந்ததும் பையன் கையை வெளியே நீட்ட, அந்த அம்மா பிடித்து உள்ளே இழுத்தார். பேங்க் ஷட்டரை இறக்கப் போனான். ‘‘இருக்கட்டும் தம்பி’’ என்றார்.

அந்த அண்ணன் அதுவரை அதிகம் பேசாதவர். தென்காசி வெளிச்சம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

‘‘சார், மெயின் அருவில காலைல தடைன்னு சொன்னாங்களே... எடுத்துட்டாங்களா?’’

லாட்ஜ்காரருக்கு போன் போட்டேன். பேரருவியில் இன்னும் எடுக்கவில்லையாம். ஐந்தருவியில் சாயங்காலத்திலிருந்து விட்டுவிட்டார்களாம்.

‘‘ஐந்தருவி போதும்’’ என்று பையனை எழுப்பினார்.